வைரஸ் தாக்கிய பின் இயங்க மறுக்கும் வீட்டுக் கணினி: கோப்புகளை மீட்டு, பழுது நீக்கும் முழுமையான வழிகாட்டி

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது, கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், தம் கணினி இரண்டு நாள்களாக இயங்கவில்லை என்று என்னை அழைத்தார். அவருடைய பேரன் ஒரு விளையாட்டின் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, பிரதியை இறக்கியிருக்கிறான். அன்றிரவு வைரஸ் எச்சரிக்கை ஒன்று தோன்றி மறைந்திருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுழன்றுகொண்டே இருந்தன. "தம்பி, கடையில் கேட்டேன். ஃபார்மட் அடித்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?" என்றார். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், கணினிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டேன். பல ஆண்டுகளாகத் தயாரித்த பாடக் குறிப்புகள், மறைந்த கணவரின் படங்கள், வருமான வரிக்காக ஸ்கேன் செய்து வைத்த ரசீதுகள் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். "கொடுக்காதீர்கள் டீச்சர், நான் மேலே வருகிறேன்" என்றேன்.

இந்த வழிகாட்டியின் வரிசை அந்த உரையாடலிலிருந்து வந்தது. இயங்காத கணினியைப் பார்த்ததும் பெரும்பாலோர் முதலில் அதை இயங்க வைக்கத்தான் முயல்கிறார்கள். நான் பார்த்த அளவில், குடும்பங்கள் தங்கள் கோப்புகளை இழந்தது பெரும்பாலும் வைரஸால் அன்று. அதற்குப் பிறகு அவசரத்தில் செய்யப்பட்ட பழுதுபார்ப்பால்தான். ஆகவே, கோப்புகளை வெளியே எடுப்பது முதல் வேலை, கணினியைச் சீராக்குவது இரண்டாவது வேலை என்ற வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்ற வேண்டாம். இங்கே சொல்லப்படும் வழிகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும்.

கணினியைத் தொடுவதற்கு முன்

இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கம்பி வழி இணைப்பு என்றால் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபை என்றால் ரவுட்டரில் அந்தக் கணினியைத் தடுத்துவிடுங்கள், அல்லது வேலை முடியும் வரை ரவுட்டரையே அணைத்து வையுங்கள். கணினியுடன் இணைந்திருக்கும் வெளி டிஸ்க்குகளையும் பென்டிரைவ்களையும் கழற்றி, அவற்றைத் தனியாக வையுங்கள். அவற்றை வேறு கணினியில் செருகிப் பார்க்கும் ஆசையை இப்போதைக்கு அடக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கைப்பேசியை எடுங்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ திறந்திருந்தால், அவற்றின் கடவுச்சொற்கள் களவுபோயிருக்கக்கூடும் என்றே வைத்துக்கொண்டு, கைப்பேசியிலிருந்து உடனே மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. இன்றைய திருட்டு நிரல்கள் உலாவி சேமித்து வைத்திருக்கும் உள்நுழைவு அடையாளங்களான குக்கீகளையும் எடுத்துச் செல்வதால், கடவுச்சொல் இல்லாமலேயே திருடர்கள் உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும். எனவே மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருப்பது தெரிந்தால், கணினியை மறந்துவிட்டு முதலில் வங்கியை அழையுங்கள், அல்லது தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்த மையத்தின் வேலையே போன பணத்தைத் துரத்திப் பிடிப்பதுதான் என்பதால், ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். பணத்தை இழக்காமல், வைரஸ் தாக்குதலுக்கு உதவி மட்டும் வேண்டுமென்றால், சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 மையத்தில் புகார் செய்து ஆலோசனை பெறலாம்.

உண்மையில் வைரஸ்தான் காரணமா?

முன்பு வைரஸ்கள் கணினியைக் கெடுப்பதற்காகவே எழுதப்பட்டன. 1999 ஏப்ரல் 26ஆம் நாள் செயல்பட்ட சிஐஎச் வைரஸ், மதர்போர்டின் பயோஸ் சிப்பில் இருந்த, கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலையே அழித்து, பல கணினிகளை மின்சாரம் கொடுத்தாலும் விழிக்காத நிலைக்குத் தள்ளியது. இன்று நம் வீட்டுக் கணினிகளுக்குள் நுழையும் நிரல்களில் பெரும்பாலானவற்றின் நோக்கம் திருட்டு. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்குக் கடவுச்சொல் கிடைக்கும், வருமானம் வரும். அப்படியென்றால், வைரஸ் வந்த மறுநாள் கணினி ஏன் நின்றுபோகிறது?

பல நேரங்களில், வைரஸைத் துரத்திய செயல்தான் அதற்குக் காரணம். வைரஸ் ஒரு சிஸ்டம் கோப்பின் இடத்தில் தன்னை நுழைத்துக்கொள்கிறது. எதிர்ப்பு மென்பொருள் அதைக் கண்டுபிடித்து நீக்குகிறது. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது அந்தக் கோப்பைத் தேடச் சொல்லும் குறிப்பு, விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே நிற்கிறது. தேடிய கோப்பு இல்லாததால் விண்டோஸ் தடுமாறி நின்றுவிடுகிறது. காவல் மென்பொருளே கணினியை முடக்க முடியும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று 2024 ஜூலை 19ஆம் நாள் நடந்தது: கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டபடி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றன. அன்று வைரஸ் எதுவும் இல்லை. பயந்துபோய், புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவதும் இதே விளைவைத் தரும்.

வன்பொருளையும் மறந்துவிடக் கூடாது. கோலாலம்பூரில் மாலை நேர இடிமழை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று இங்கே வாழும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வைரஸ் எச்சரிக்கை வந்த வாரத்திலேயே மின்னலும் அடித்திருந்தால், குற்றம் மின்னலுடையதாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு. பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழலவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் அது வைரஸ் அன்று; பவர் சப்ளையை அல்லது சுவரில் உள்ள பிளக்கைப் பாருங்கள். விசிறி சுழன்றும் நிறுவனச் சின்னம்கூடத் திரையில் வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால், பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை. மேசைக் கணினி என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளை அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இது அடிக்கடி நேர்கிறது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீராக ஓர் ஒலி வந்தால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். அது இயந்திரப் பழுது. அந்த டிஸ்க்கில் கீழே சொல்லப்போகும் எதையும் முயலாமல், தரவு மீட்புக்கென்றே பணிபுரிபவரிடம் கொடுக்க வேண்டும்.

நிறுவனச் சின்னம் வந்து, அதற்குப் பிறகு புள்ளிகள் சுழன்றபடி இருப்பது, நீலத்திரை வருவது, உள்நுழைந்ததும் தானாக வெளியேறுவது, கறுப்புத் திரையில் சுட்டி மட்டும் தெரிவது ஆகிய அறிகுறிகளே இந்த வழிகாட்டிக்கு உரியவை.

மீட்புத் திரைக்குச் செல்லும் வழி

விண்டோஸுக்கு வெளியே, அதே டிஸ்க்கில், மீட்புச் சூழல் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. கணினி தொடர்ந்து தொடங்கத் தவறினால் அதுவே தோன்றும். தோன்றாவிட்டால் நாமே வரவழைக்கலாம்: கணினியை இயக்கி, சின்னம் தெரிந்ததும் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள், இதை இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை நீல நிறத் தேர்வுத் திரை வரும். உள்நுழையும் திரை வரை கணினி வந்தால் இவ்வளவு கடுமை தேவையில்லை. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தாலே போதும்.

அந்தத் திரையில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று செல்லுங்கள். டிரபிள்ஷூட் திரையிலேயே ரீசெட் திஸ் பிசி என்ற தேர்வும் உங்களை அழைக்கும். அதை இப்போது தொடாதீர்கள்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு தடை வரும். திரை, பிட்லாக்கர் மீட்புக் குறியீடு என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். இது வைரஸின் மிரட்டல் என்று நினைத்து அஞ்சியவர்களைக் கண்டிருக்கிறேன். புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழைந்ததுமே டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் தானாகப் பூட்டப்படுகிறது. உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. கைப்பேசியின் உலாவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்களின் பட்டியலில் அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்தால், மீட்புக் குறியீடு அங்கே இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் மீண்டும் தேவைப்படும். அந்த எண் கிடைக்காமல் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை என்பதால், பிள்ளைகளின் கணக்கு, அலுவலகக் கணக்கு என்று பயன்படுத்தியிருக்கக்கூடிய எல்லாக் கணக்குகளிலும் தேடுங்கள்.

கோப்புகளை வெளியே எடுத்தல்

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. எளியதிலிருந்து சொல்கிறேன்.

முதல் வழிக்கு, காலியான வெளி டிஸ்க் ஒன்று மட்டும் போதும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நோட்பேட் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். நோட்பேட் திறந்ததும் ஃபைல், ஓப்பன் என்று செல்லுங்கள். கீழே கோப்பு வகையை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சிறிய சாளரமே உங்களுக்கு ஒரு கோப்பு உலாவியாகிவிடும். டிஸ்க்குகள் எல்லாம் அதில் தெரியும். ஒரு கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி காப்பி கொடுத்து, வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். மீட்புச் சூழலில் டிஸ்க்குகளின் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். வழக்கமான சி டிரைவ் அங்கே டி அல்லது ஈ என்று தெரியலாம். எனவே எழுத்தை நம்பாமல், உள்ளே யூசர்ஸ் என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்து அடையாளம் காணுங்கள். இந்த வழியில் ஒரு குறை உண்டு: எவ்வளவு முடிந்தது என்று திரை காட்டாது. ஒரு பெரிய கோப்புறையைப் பேஸ்ட் செய்தால் சாளரம் உறைந்ததுபோல் நிற்கும். உண்மையில் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வெளி டிஸ்க்கின் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வரை காத்திருங்கள். சிறு சிறு கோப்புறைகளாகப் பிரித்து எடுப்பது மனத்துக்கும் நல்லது.

மீட்புச் சூழலே திறக்காதவர்களுக்கு இரண்டாவது வழி. நண்பர் ஒருவரின் தூய்மையான கணினியில், விண்டோஸுக்குப் பதிலாக இயங்கக்கூடிய இலவச லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச நிரலால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள். பழுதான கணினியில் அதைச் செருகி, இயக்கியவுடன் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள்: டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9, ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் எஃப்2 அழுத்திச் செல்லும் அமைப்புத் திரையில் அந்த மெனுவை முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும், நிறுவாமல் முயன்று பார்க்கும் தேர்வைக் கொடுங்கள். இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் உயிர்பெறாது என்பதால், அச்சமின்றி ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்து, படங்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்றும் சோதித்து எடுக்கலாம். சில கணினிகளில் விண்டோஸ் டிஸ்க் படிக்க மட்டுமே திறக்கிறது என்ற செய்தி வரும். விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் நின்றிருப்பதே அதற்குக் காரணம். நமக்குப் படிப்பது மட்டும்தானே தேவை, எனவே அந்தச் செய்தியைப் பொருட்படுத்தாமல் தொடரலாம்.

மூன்றாவது வழி, டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் இணைப்பது. புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவிலோ, பினாங்கில் கொம்தார் வட்டாரக் கடைகளிலோ அந்த உறை எளிதாகக் கிடைக்கும். உங்களுடையது சாட்டா வகையா, எம்.2 வகையா என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள். இணைக்கும் கணினி விண்டோஸாக இருந்தால், அதன் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். டிஸ்க்கில் இருக்கும் எந்த நிரலையும் இருமுறை சொடுக்கிவிடக் கூடாது.

எதை எடுப்பது? யூசர்ஸ் கோப்புறைக்குள் குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயரிலும் ஒரு கோப்புறை இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ், ஒன்டிரைவ் ஆகியவற்றை ஒவ்வொரு பெயரின் கீழும் பாருங்கள். டி டிரைவ் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். படம், ஒலி, காணொளி, வேர்டு, எக்செல், பிடிஎஃப் கோப்புகளை எடுங்கள். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே என்று முடியும் எதையும் எடுக்காதீர்கள். நிரல்களை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். டவுன்லோட்ஸ் கோப்புறையில் ரசீதுகளும் வங்கி அறிக்கைகளும் கிடக்கும், அதே இடத்தில்தான் வைரஸைக் கொண்டுவந்த கோப்பும் பெரும்பாலும் கிடக்கும். அங்கே மட்டும் மொத்தமாக அள்ளாமல் பொறுக்கி எடுக்க வேண்டும். வருமான வரிக்கான ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி என்பதால், அவற்றுக்கு என் பட்டியலில் எப்போதும் முதலிடம்.

போட்டோஸ்டாட் கடைக்குப் போய் வந்த பென்டிரைவ்கள் பரப்பும் ஒருவகை வைரஸ், கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை வைத்துவிடும். எல்லாம் அழிந்துவிட்டது என்று தோன்றும்; ஆனால் அழிந்திருக்காது. லினக்ஸில் திறந்தால் மறைந்தவை தாமாகவே தெரியும். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் என்றால், ஆட்ரிப் என்ற கட்டளையுடன் எச், எஸ் ஆகிய இரு பண்புகளையும் கழித்தல் குறியிட்டுக் கொடுத்தால் அவை வெளியே வரும்.

ஒரே ஒரு நிலைமையில் வேலையை நிறுத்த வேண்டும். கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிய எழுத்துகள் ஒட்டியிருந்து, ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்கும் ஒரு குறிப்பும் இருந்தால், அது ரான்சம்வேர். பணம் கட்ட வேண்டாம்; கட்டினால் கோப்புகள் திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பூட்டப்பட்ட கோப்புகளையும் அந்தக் குறிப்பையும் அப்படியே வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, நோ மோர் ரான்சம் திட்டத்தின் இணையத்தளத்தில் ஒரு மாதிரிக் கோப்பை ஏற்றிப் பாருங்கள். யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் கேஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய அந்தத் தளத்தில், பல வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல்கள் இருக்கின்றன. இன்று திறவுகோல் இல்லாத பூட்டுக்கும் பின்னாளில் கிடைத்ததுண்டு. ஆகவே பூட்டிய கோப்புகளை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள்.

பழுது நீக்கும் படிகள்

கோப்புகள் பத்திரமாகிவிட்டன என்றால், இனி எதைச் செய்தாலும் பெரிய இழப்பு நேராது. கைநடுக்கம் இல்லாமல் தொடங்கலாம்.

முதலில் சேஃப் மோடை முயலுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் சென்று, ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்துங்கள். தேவையான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் திறந்தால், கோளாறு கூடுதலாக ஏற்றப்படும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று பொருள். அண்மையில் நிறுவப்பட்ட நிரல்களையும், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் இருக்கும் அறிமுகமில்லாத பெயர்களையும் நீக்குங்கள். ஒரே கணினியில் இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் இருந்தால், ஒன்றைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

சேஃப் மோடும் திறக்கவில்லை என்றால், சிஸ்டம் ரீஸ்டோர் சென்று, வைரஸ் வந்த நாளுக்கு முன் விண்டோஸ் தன் நிலையைச் சேமித்து வைத்த மீட்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இல்லையென்றால் ஸ்டார்ட்டப் ரிப்பேரை ஒருமுறை ஓடவிடுங்கள். அது பலமுறை தோற்றாலும், ஓட்டிப் பார்ப்பதில் தீங்கில்லை.

உள்நுழைந்த அடுத்த நொடியே வெளியேறிவிடும் கணினிகளுக்கு நான் முன்பு சொன்ன ரெஜிஸ்ட்ரிக் குறிப்புதான் காரணமாக இருக்கும். மீட்புச் சூழலின் கமாண்ட் பிராம்ப்ட்டில், ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் நிரலான ரெஜெடிட்டைத் திறந்து, எச்கேஎல்எம் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவின் லோட் ஹைவ் வழியாக, விண்டோஸ் கோப்புறையின் சிஸ்டம்32, கான்ஃபிக் ஆகியவற்றுக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் என்ற கோப்பை ஏற்றுங்கள். அதில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், வின்லாகான் என்று இறங்கினால், யூசர்இனிட், ஷெல் என்ற இரண்டு மதிப்புகள் தெரியும். முதலாவது, சி டிரைவில் சிஸ்டம்32க்குள் இருக்கும் யூசர்இனிட் நிரலின் முழு முகவரியாகவும், இறுதியில் ஒரு காற்புள்ளியுடனும் இருக்க வேண்டும். இரண்டாவது, எக்ஸ்புளோரர் நிரலின் பெயர் மட்டுமாக இருக்க வேண்டும். வேறு எது ஒட்டியிருந்தாலும் அது வைரஸின் கைவேலை. திருத்திவிட்டு, ஏற்றிய ஹைவை, அதாவது அந்த ரெஜிஸ்ட்ரிக் கோப்பை, அன்லோட் செய்து வெளியே வாருங்கள். சுட்டி மட்டும் தெரியும் கறுப்புத் திரைக்கும் ஷெல் மதிப்பு மாறியிருப்பது ஒரு காரணம். ஒரு மாலைப்பொழுது முழுவதும் தீராத சிக்கல் இந்த ஒரு காற்புள்ளி அளவுத் திருத்தத்தில் தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

சிஸ்டம் கோப்புகளே சிதைந்திருந்தால், அதே கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எஃப்சி கட்டளையை ஸ்கேன்நவ் என்ற சொல்லுடன் கொடுங்கள். மீட்புச் சூழலிலிருந்து ஓட்டும்போது ஆஃப்பூட்டிர், ஆஃப்விண்டிர் என்ற இரண்டு குறிப்புகளால் விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது தவறான இடத்தைச் சோதிக்கும். இயங்குதளம் கிடைக்கவில்லை என்ற செய்தி திரையில் வந்தால் தொடக்கக் கோப்புகள் போயிருக்கின்றன. பழைய பயோஸ் கணினிகளில் பூட்ரெக் கட்டளை அதைச் சரிசெய்யும். பயோஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் இயங்கும் இன்றைய கணினிகளில், டிஸ்க்பார்ட் வழியாக, தொடக்கக் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதிக்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிட்டு, பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸ் கோப்புறையிலிருந்து தொடக்கக் கோப்புகளைப் புதிதாக அங்கே எழுதச் செய்ய வேண்டும்.

கணினி எப்படியோ எழுந்துவிட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் சென்று, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும் என்பதால், ஓடும்போது ஒளிந்துகொள்ளும் நிரல்களும் அகப்படும். சுமார் கால் மணி நேரம் ஆகும்.

எழுந்த கணினியை நம்பலாமா?

இந்த இடத்தில் என் கருத்து உறுதியானது: நம்ப வேண்டாம். வைரஸ் நுழைந்து, விண்டோஸின் தொடக்கத்தையே கெடுத்த ஒரு கணினியில், ஸ்கேன் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் நான் வங்கிக் கணக்கைத் திறக்க மாட்டேன். கோப்புகள்தாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றனவே; புதிதாக விண்டோஸை நிறுவிவிடுவது இரண்டு மணி நேர வேலை. ஃபார்மட்டுக்கு நான் எதிரியல்லேன். அது வரிசையில் கடைசியாக வர வேண்டும் என்பதே நான் சொல்வது.

தூய்மையான கணினி ஒன்றில், மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் நிறுவல் கோப்புகளை எழுதுங்கள். அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். நிறுவத் தொடங்கும் முன், கோப்புகளை எடுத்து வைத்த வெளி டிஸ்க் கழற்றப்பட்டிருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். தயாரிப்பு எண் கேட்டால், இல்லை என்ற தேர்வைக் கொடுக்கலாம்; முறையான உரிமத்துடன் வந்த கணினி இணையத்தில் இணைந்ததும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். கஸ்டம் தேர்வில் அந்த டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் நீக்கி, வெற்றிடத்தில் நிறுவுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், கணினி ஏற்றுக்கொண்டால் 11க்கே மாறிவிடுவது நல்லது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலியும் அதற்குத் தேவை. அவை இல்லாத பழைய கணினியில் உலாவியும் கடிதமும்தான் வேலை என்றால், லினக்ஸ் மின்ட்டையே நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவியதும் முதலில் எல்லாப் புதுப்பிப்புகளையும் போடுங்கள். பிறகு வெளி டிஸ்க்கை இணைத்து, எதையும் திறக்கும் முன் அதை முழுமையாக ஸ்கேன் செய்யுங்கள். கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும் அமைப்பை இயக்கி வையுங்கள். ரசீது என்ற பெயரில் வந்த கோப்பு இஎக்ஸ்இ என்று முடிவதை அப்போதுதான் கண் பிடிக்கும். பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள். கிராக் செய்த ஆஃபிஸும் விளையாட்டும் மீண்டும் உள்ளே வரக் கூடாது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை அணைத்துவிட்டு நிறுவுமாறு ஒரு நிரல் கேட்டால், அது யாருக்காக வேலை செய்கிறது என்பது அந்தக் கோரிக்கையிலேயே தெரிந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் நீங்களே செய்ய இயலாவிட்டால், கடைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் என் அத்தையின் கணினியை ஒரு கடை கேட்காமலே ஃபார்மட் செய்து, என் தங்கையின் திருமணப் படங்கள் முழுவதும் போனதிலிருந்து, நான் எல்லாருக்கும் ஒன்றைச் சொல்லி வருகிறேன். கொடுக்கும் ரசீதில், கோப்புகளைப் பிரதி எடுக்காமல் டிஸ்க்கை அழிக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியை மட்டும் கொடுங்கள்.

டீச்சரின் கணினிக்கு லினக்ஸ் வழியைத்தான் பயன்படுத்தினேன். பாடக் குறிப்புகளும் படங்களும் வெளி டிஸ்க்குக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் எனக்கு இருமுறை தேநீர் போட்டுக் கொடுத்தார். விண்டோஸை மறுநாள்தான் நிறுவினேன். இப்போது அவரிடம் இரண்டு வெளி டிஸ்க்குகள் இருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று ஒன்றைச் செருகிப் பிரதி எடுத்துக் கழற்றி அலமாரியில் வைக்கிறார்; அடுத்த மாதம் மற்றதை எடுக்கிறார். எந்த மாதம் எந்த டிஸ்க் என்பதை நாள்காட்டியில் பேரன் குறித்து வைக்கிறான்.